குதிகால் பதம்

உடைந்தது ஒரு கார் விளக்குதான். அதற்காக ஒரு பொம்பளையை, இரண்டு பிள்ளைகளோடு, இருந்த காம்பராவை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே என் வீட்டுக்காரி, "விடுங்க, முடிஞ்ச கதைய எதுக்குக் கிளறுறீங்க" என்பாள். அவளுக்கு முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை. அந்த விளக்கு உடைந்ததில் என் கைக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் திட்டினால் நானும் அவர்களில் ஒருத்தன்தான்.

என் பெயர் கந்தப்பன். வட்டவளை ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் மேலே நடந்தால் கருங்கல்மலைத் தோட்டம். அங்கே நான் தச்சன். தோட்டத்தில் எல்லாருக்கும் நான் 'பாஸ்'. கைவேலைக்காரனைச் சிங்களவர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள், எங்கள் ஆட்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று என் பட்டறை.

அது ஐம்பத்தேழாம் வருடம். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தேயிலை நட வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. முதலில் பத்தாம் நம்பர் மலையைப் பிடுங்கினார்கள். எண்பது வருடமாக வேர் ஓடிய மண். ஒவ்வொரு செடியும் போன இடத்தில் ஆள் இறங்கும் குழி. குழியை மூடினார்கள், மூடிய மண்ணோ மாவு மாதிரி கிடந்தது. வட்டவளை மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வைகாசியில் பிடித்தால் ஆடி கழிந்தும் விடாது. அதற்குள் மண்ணை இறுக்கிப் புல் நட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மலை அப்படியே கரைந்து ஆற்றுக்குப் போய்விடும்.

இறுக்குவது என்றால் மிதிப்பது. முப்பது பெண்கள் வரிசையாகக் கைகோர்த்து நின்று, வெறுங்காலோடு, காலை ஏழரையிலிருந்து மாலை வரை மிதிப்பார்கள். ஈரம், அட்டை, வேர்க்குத்தல் எல்லாம் அந்தக் கால்களுக்குத்தான். மிதித்து முடிந்த இடத்தில் காளியாயி போய்க் குதிகாலை ஊன்றுவாள். முழுக் குதிகாலும் புதைந்தால் மண் இன்னும் புழுதி. கொஞ்சமும் இறங்காவிட்டால் இறுகிப் பாறையாகிவிட்டது, தண்ணீர் உள்ளே போகாது, புல் வேர்விடாது. குதிகாலின் வெடிப்புக் கோடு வரைக்கும், அதாவது பாதி, இறங்கினால் பதம். "போதும், அடுத்த வரி" என்பாள். முப்பது பேரும் நகர்வார்கள். மற்றப் பெண்களுக்கும் அந்தப் பதம் தெரியும், ஆனால் காளியாயி சொன்னால் மறுபேச்சு இல்லை.

காளியாயி விதவை. அவள் புருஷன் சோலைமலை இரண்டு வருடத்துக்கு முன் மரம் வெட்டும்போது கிளை விழுந்து செத்தான். காம்பரா அவன் பெயரில் பதிந்தது. லயம் என்கிற நீள வரிசை வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணை, அவ்வளவுதான் ஒரு காம்பரா. அதைத்தான் கண்டாக்கையா நல்லமுத்து இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மலை வேலை முழுவதும் அவர் கண்காணிப்பு, துரைக்கு அடுத்த சத்தம் அவருடையது. "ஆம்பள இல்லாத வீட்டுக்கு எதுக்குத் தனிக் காம்பரா? ஒங்க அண்ணன் வீட்டோட ஒண்டிக்க வேண்டியதுதான" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நூறு பேருக்கு முன்னால் கேட்பார். அவருடைய மச்சானுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காம்பரா யாருக்கு என்று கேட்கவா வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னதுரைக்கு உருளை யோசனை வந்தது. தோட்டத்தை நடத்தும் பெரியதுரைக்குக் கீழே உதவியாக, சீமையிலிருந்து வந்து எட்டு மாதமான பையன். கெட்டவன் இல்லை. கெட்டவன் இல்லை என்பது மட்டும் போதாது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சீமையில் வயலில் உருளை இழுத்து மண்ணை இறுக்குகிறார்கள் என்று ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். முதல் உருளையை அந்தப் படத்தைப் பார்த்தே செய்தோம். தார்ப் பீப்பாயில் சிமெந்து நிரப்பி, இரண்டு பக்கமும் இரும்பு முளை வைத்து, நான் மரச்சட்டம் போட்டேன். ஆறு ஆண்கள் இழுத்தார்கள். மண் பெரட்டுக்களம் மாதிரி ஆகிவிட்டது. காளியாயி குதிகாலை ஊன்றிவிட்டுச் சிரித்தாள். "இதுல புல்லு மொளைக்காது தொரை, பந்து வெளையாடலாம்" என்றாள். அடுத்த நாள் தூறலில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலாகவே ஓடியது.

இரண்டாவது, வெறும் பீப்பாயில் பாதித் தண்ணீர். பாரம் சரி, குதிகால் பாதி இறங்கியது. ஆனால் படத்தில் இருந்த வயல் சமதரை. இங்கே மலை. சரிவுக்குக் குறுக்கே இழுத்தால் பத்தடி போவதற்குள் இரண்டடி கீழே சறுக்கியது. மேலிருந்து கீழே இழுத்தால் தடம் வாய்க்காலாகி மழை அதிலேயே இறங்கும். சின்னதுரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"காளியாயி, இது ஏன் கீழ போறான்?" என்று கேட்டார். அவர் தமிழில் உயிர் இருப்பதும் இல்லாததும் எல்லாம் 'அவன்'தான்.

"தொரை வெறகு உருட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றாள் காளியாயி. "அடிமரம் ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து இருக்கும். உருட்டுனா நேரா போகாது. சிறுத்த பக்கமாத் திரும்பிக்கிட்டே போகும். வெறகு காட்டுலருந்து கட்ட உருட்டுற எல்லாருக்கும் தெரியும். சிறுத்த பக்கத்த மேல வச்சு இழுங்க. கட்ட மேல ஏறப் பாக்கும், மல கீழ தள்ளப் பாக்கும். ரெண்டும் சண்ட போட்டு நேரா போயிரும்."

சொல்லிவிட்டு ஒரு விறகுக் கட்டையை எடுத்து அந்தச் சரிவிலேயே உருட்டிக் காட்டினாள். சின்னதுரை குந்தி உட்கார்ந்து ஐந்து தடவை உருட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாஸ், மரம் வெட்டு."

டர்பண்டைன் மரத்தின் அடித்துண்டு ஒன்றை எடுத்தேன். ஐந்தடி நீளம். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் குறுக்களவில் நாலு விரல் வித்தியாசம். தோலை மட்டும் உரித்து, முளை அடித்து, இழுக்கும் சட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் போடும்படி வைத்தேன். அப்படியென்றால் திரும்பி வரும்போது கட்டையைத் திருப்ப வேண்டாம், சிறுத்த முனை மேலேயே இருக்கும். அந்தப் புரட்டுச் சட்டம் மட்டும் என் யோசனை. மிச்சமெல்லாம் காளியாயியுடையது.

எட்டு நாள் பார்த்தார்கள். காய்ந்த மண்ணில், நனைந்த மண்ணில், செங்குத்தில், குழி மூடிய இடத்தில். நாலு பெண்கள் இழுத்தால் போதும். ஒரு நூல் சறுக்கவில்லை. சின்னதுரை கோடு போட்ட இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தார். அதை மண்ணில் நிறுத்தி, மேலே ஒரு படிக்கல்லைப் போட்டு, எத்தனை கோடு இறங்குகிறது என்று எழுதுவார். பக்கத்திலேயே காளியாயி குதிகாலை ஊன்றுவாள். கம்பியும் குதிகாலும் ஒன்றையே சொல்லின. அடியில் கல் கிடந்தால் மட்டும் கம்பி இறங்காது, மண் இறுகிவிட்டது என்று எழுத வைத்துவிடும். குதிகாலுக்குக் கல் எது மண் எது என்று தெரியும். "காஞ்ச மண்ணுக்கு ரெண்டு சுத்து, ஈரத்துக்கு ஒண்ணு, குழி மேல மூணு, நாலு" என்று அவள் சொல்லச் சொல்லச் சின்னதுரை நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்.

கடைசி நாள் அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "வி.ஏ. துரை வர்றான். அவன் பார்த்து சரி சொன்னா, காளியாயிதான் உருளைக் கங்காணி. காம்பரா உன் பேர்ல எழுதுறது." வி.ஏ. துரை என்பவர் கம்பெனிக்காக வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்தைப் பார்க்க வருகிறவர். பெண்ணைக் கங்காணி ஆக்குவதைப் பற்றி அதுவரை எந்தத் தோட்டத்திலும் நான் கேள்விப்பட்டதில்லை. காளியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கங்காணி கெடக்கட்டும் தொரை. காம்பரா எம்பேருல வந்தாப் போதும், அந்த ஆளு வாய அடச்சிருவேன்" என்றாள்.

வி.ஏ. துரை வருகிறார் என்றால் தோட்டம் என்ன பாடுபடும் என்று தோட்டத்துக்காரனுக்குத்தான் தெரியும். பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. மரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு. வருடம் பூராவும் அடைத்துக் கிடந்த லயத்துக் கான், அதாவது சாக்கடை, ஒரே நாளில் பளபளக்கும். ஒழுகும் கூரைக்குத் தகரம் வராது, ஒழுகும் கூரையின் முன்சுவருக்கு வெள்ளை வரும். துரைக்கு முன்னால் எதுவும் கோணலாக, அரைகுறையாக நிற்கக் கூடாது. அதைத் துரை சொல்ல வேண்டியதே இல்லை, எங்களுக்கே ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அவர் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் கண்டாக்கையா பட்டறைக்கு வந்தார். உருளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னய்யா பாஸு இது? ஒரு பக்கம் யானக் காலு, ஒரு பக்கம் ஆட்டுக் காலு. இதையா வி.ஏ. தொரைக்குக் காட்டப் போறோம்? தோட்டத்துல தச்சனே இல்லையான்னு கேப்பாரு. நேரா சீவி, செவப்புச் சாயம் அடிச்சு வையி."

"காளியாயி அப்பிடித்தான் இருக்கணும்னு…"

"நீ தச்சனா, அவ தச்சனா?"

குறி பார்த்து அடித்த கேள்வி. உண்மையைச் சொல்கிறேன்: அந்தக் கட்டையைப் பார்க்க எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. இருபது வருடம் நூல் பிடித்து வேலை செய்தவன். என் கையால் செய்த கோணலை நாலு துரைமார் பார்ப்பார்களே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றும் உண்டு. பீப்பாய் இரும்பு, அதனால் வழுக்கியது. என் கட்டை மரம், அதனால் மண்ணைப் பிடிக்கிறது என்றுதான் நான் எட்டு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். விறகு சுமக்கிற ஒரு பொம்பளை சொன்ன கணக்கால் அது ஓடுகிறது என்று என் மண்டை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த மண்டையை எதால் அடிப்பது?

சீவினேன். ஆசை ஆசையாகச் சீவினேன். பெருத்த முனையிலிருந்து சுருள் சுருளாக இழைத்துத் தள்ளி, இரண்டு முனையும் ஒரே அளவாகும் வரை விடவில்லை. பாரம் குறைந்ததற்கு முனைகளில் இரும்புப் பட்டை போட்டேன். சிவப்புச் சாயம், ஓரத்தில் வெள்ளை வளையம். கண்டாக்கையா தட்டிக்கொடுத்தார். சாக்குப் போட்டு மூடி, மாலை போட்டுத்தான் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்தாம் நம்பர் மலையில் கூட்டம். வி.ஏ. துரை, பெரியதுரை, சின்னதுரை, கண்டாக்கையா. கீழே வண்டிப்பாதையில், சுண்ணாம்புக் கல் வரிசைக்கு நடுவில், பெரியதுரை புதிதாக வாங்கிய கறுப்புக் கார். சாக்கை எடுத்ததும் நான் துரைமாரின் முகத்தைத்தான் பார்த்தேன். வி.ஏ. துரை தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

காளியாயி கட்டையைப் பார்த்தாள். கிட்டே போய் இரண்டு முனையையும் கையால் அளந்தாள்.

"கண்டாக்கையா, இது அந்த உருள இல்லீங்க. சீவியிருக்கு. இது சறுக்கும்."

"வாய மூடு. தொரைமாரு நிக்கிறாங்க."

அவள் சின்னதுரையைப் பார்த்தாள். அவர் வி.ஏ. துரைக்கு நோட்டுப் புத்தகத்தைக் காட்டி இங்கிலீசில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் "தொரை" என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே "இழு, இழு" என்று கையைக் காட்டினார். பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நான் சாயம் ஒட்டியிருந்த என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

இழுக்கும் சட்டத்தின் இரண்டு முனையிலும் கயிறு. கீழ்ப்பக்கக் கயிறு லெட்சுமியுடைய இடம். காளியாயியோடு நேர் வரிசையில் மிதிக்கிறவள், அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். காளியாயி அவளை விலக்கிவிட்டு அந்தக் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். இருபதடி போயிருக்கும். கட்டை சறுக்கியது. அவள் கால் ஊன்றித் தாங்கினாள். இன்னும் சறுக்கி, முகத்தைக் கீழே திருப்பிக்கொண்டது. மற்ற மூன்று பேர் கையிலிருந்தும் கயிறு பறந்தது. காளியாயியை மட்டும் ஏழெட்டு அடி இழுத்துக்கொண்டு போய், உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு, கானைத் தாண்டிக் குதித்து, வண்டிப்பாதைக்கு இறங்கியது. கார் நின்ற இடத்தைத் தேடிப் போன மாதிரி போய் மோதி நின்றது.

வலது பக்க விளக்கு தூள். பெரியதுரை அலறிக்கொண்டு கீழே ஓடினார். எதற்கு ஓடினார் தெரியுமா? காரைப் பார்க்க. கை இரண்டும் ரத்தமாக ஒருத்தி கானுக்குள் கிடக்கிறாள், அவளைத் தாண்டித்தான் ஓடினார். ஒரு பொம்பளையின் காலை உடைத்திருந்தால் மஞ்சள் பத்துப் போடச் சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். கண்ணாடி உடைந்தால் மறக்க முடியுமா.

மறுநாள் காலை ஆபீஸில் விசாரணை. எங்கள் ஆட்கள் ஆபீசுக்குள் போகக் கூடாது, வெளியே ஜன்னலுக்குக் கீழே நிற்க வேண்டும். காளியாயி கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன்.

"யாரு இந்த உருளை யோசனை குடுத்தது?" என்று பெரியதுரை உள்ளேயிருந்து கேட்டார்.

நான் சின்னதுரையைப் பார்த்தேன். கம்பெனிக்கு அனுப்பிய காகிதத்தில் 'நான் அமைத்த உருளை' என்று அவர் எழுதியிருந்ததை ஆபீஸ் கிளாக்கர் எங்களிடம் சொல்லியிருந்தார். இப்போது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "காளியாயி" என்றார். ஓடினால் அவர் உருளை, உருண்டு விழுந்தால் காளியாயி உருளை. எட்டு மாதத்தில் தமிழ் வந்ததோ இல்லையோ, துரைத்தனம் நன்றாக வந்துவிட்டது.

"கட்டையச் சீவிட்டாங்க தொரை. ரெண்டு மொனையும் ஒண்ணாயிருச்சு, அதான் சறுக்குச்சு" என்றாள் காளியாயி.

கண்டாக்கையா சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவ கட்ட நேரா இருக்குங்கிறா."

ஆபீசுக்குள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கண்டாக்கையா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வேலையாட்கள் பேர் பதிகிற செக்ரோலில் காளியாயி பேரை வெட்டினார்கள். மாதக் கடைசிக்குள் காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்றார்கள்.

வெளியே வந்ததும் அவள் என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு வெரலு பாஸு" என்றாள். "நாலு வெரலுதான் வித்தியாசம். அதுலதான் எம்புள்ளைக படுத்திருந்துச்சுக." சொல்லிவிட்டு, வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டப் போய்விட்டாள்.

மறுநாள் சீவல் அத்தனையையும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன்.

"சீவுனது நான்தான் தொரை. கண்டாக்கையா சீவச் சொன்னாரு. காளியாயி மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். வேலை போகும் என்று தயாராகத்தான் போனேன்.

கண்டாக்கையா, "நான் சாயம் அடிக்கத்தான் சொன்னேன்" என்றார். பெரியதுரை சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"கோணல் மரத்த நேராக்கினே. நல்ல வேலை. கெட்டிக்காரன் பாஸ். போ" என்றார்.

பாராட்டு! என் ஆயுசில் துரை வாயிலிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான். அதைவிட என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். அதே வாரம், கொழும்பிலிருந்து புதுக் கார் விளக்கு வைக்கோல் பெட்டியில் ரயிலேறி வந்தது. வட்டவளை ஸ்டேஷனிலிருந்து மூன்று மைலும் அதைத் தலையில் சுமந்து வர என்னைத்தான் அனுப்பினார்கள்.

பேசிப் பிரயோசனமில்லை என்று தெரிந்துவிட்டது. அதே டர்பண்டைன் மரத்தின் அடுத்த துண்டு விறகுக் குவியலில் கிடந்தது. அதை எடுத்துத் தோலை மட்டும் உரித்தேன், ஒரு நூல்கூடச் சீவவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாளில், காளியாயியும் லெட்சுமியும் இன்னும் எட்டுப் பெண்களும் பத்தாம் நம்பர் மலையின் மேற்குப் பாதியை உருட்டினார்கள். காளியாயிக்குக் கயிறு பிடிக்கக் கை இல்லை. குதிகாலை மட்டும் ஊன்றிக்கொண்டே வந்தாள். யாரும் சம்பளம் கேட்கவில்லை, யாரும் எங்களைப் போகச் சொல்லவுமில்லை. கிழக்குப் பாதி அப்படியே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. மூன்று நாள். நாலாம் நாள் காலையில் கிழக்குப் பாதி வண்டிப்பாதையில் கிடந்தது. சுண்ணாம்பு அடித்த கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. மேற்குப் பாதி இருந்த இடத்தில் இருந்தது. பெரியதுரை குடையோடு வந்து, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டறையில் சாய்த்து வைத்திருந்த என் கோணல் கட்டையையும் வந்து பார்த்தார். மழை வெளுக்கிற நாளாகப் பார்த்துப் அதற்குள் பிடுங்கியிருந்த பதினோராம் நம்பர் மலையையும் உருட்டிவிட வேண்டும், இதே மாதிரி இன்னும் மூன்று செய் என்றார்.

சரி, கண் திறந்துவிட்டது, காளியாயியைக் கூப்பிடுவார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது! உருளைக் கங்காணியாகக் கண்டாக்கையாவின் மச்சானைப் போட்டார்கள். மாதக் கடைசியில் காளியாயி காம்பராவுக்குப் பூட்டு விழுந்தது. சாமானெல்லாம் லெட்சுமி வீட்டு இஸ்தோப்பில், சாக்குக்குக் கீழே. சாவி கண்டாக்கையாவின் கால்சட்டைப் பையில். அண்ணன் இரண்டு நாள் இருக்கச் சொன்னான், மூன்றாம் நாள் அண்ணி முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

பதினோராம் நம்பர் மலையில் முதல் நாள். மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "ஒரு பொம்பள வந்து குதிகால் வையி. போதுமா பாத்துச் சொல்லு" என்றான்.

யாரும் நகரவில்லை. லெட்சுமிதான் சொன்னாள். "எங்களுக்குத் தெரியாதுங்க. எங்க குதிகாலு மரத்துப் போச்சு."

முப்பது பேருக்கும் அன்றைக்குக் குதிகால் மரத்துப் போயிருந்தது. உருளையை இழுக்கச் சொன்னால் இழுத்தார்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்தினார்கள். பதமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள். சின்னதுரை கம்பியோடு வந்தார். அந்த மலை பூராவும் சரளை. கம்பி குத்திய இடமெல்லாம் கல்லில் நின்றது. ஒரு இடத்தில் ஆறு சுற்று உருட்டிப் பாறையாக்கினார்கள், இன்னொரு இடத்தில் கைகூட வைக்கவில்லை. நாலாம் நாள் ஒரு மழையில் பாறையான பக்கத்துத் தண்ணீர் எல்லாம் உருட்டாத பக்கத்துக்குப் பாய்ந்து, மலையில் ஆள் மறையும் வாய்க்கால் விழுந்தது.

ஐந்தாம் நாள் பெரியதுரையே வந்து நின்றார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"நல்லமுத்து, நீ பாரு" என்றார்.

கண்டாக்கையா சப்பாத்துக் காலை மண்ணில் ஊன்றினார். "போதும்னு நெனைக்கிறேன் தொரை" என்றார்.

"சப்பாத்தக் கழத்திட்டு வைங்க ஐயா, அப்பதான் தெரியும்" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

துரை அவர் காலைப் பார்த்தார். கழற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது அந்தக் கால், பூண்டு உரித்த மாதிரி. குதிகாலை வைத்தார். கல் குத்தி முகம் சுளித்தார். இது பதமா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? தன் வாழ்நாளில் அந்தக் கால் மண்ணைத் தொட்டது அன்றைக்குத்தானே. முப்பது பெண்களின் முகத்தையும் பார்த்தார். ஒருத்தியும் உதவவில்லை.

"யாருக்குத் தெரியும்?" என்று பெரியதுரை கத்தினார்.

"தெரிஞ்ச ஆளு எங்க வீட்டு இஸ்தோப்புல சாமானுக்குக் காவல் இருக்கு தொரை" என்றாள் லெட்சுமி.

ஆள் போய்க் கூட்டிவந்தான். காளியாயி இளைத்திருந்தாள். உள்ளங்கையில் புதுத் தோல் சிவப்பாக இருந்தது. மலையோரத்துப் பாதையிலேயே நின்றுவிட்டாள். மண்ணில் கால் வைக்கவில்லை.

"காளியாயி, வந்து பாரு. சீக்கிரம்" என்றார் துரை.

"பாக்குறேன் தொரை. எம்பேர மறுபடி எழுதுங்க. காம்பராவ எம்பேருல எழுதிக் கதவத் தொறந்து விடுங்க. எம்புள்ளைக உள்ள போய் உக்காரட்டும். அப்பறம் காலு வைக்கிறேன்." சத்தம் போடாமல், வெற்றிலை வாங்கப் போகிற மாதிரி சொன்னாள். பிறகு சுண்ணாம்பு அடித்த கல் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். துரைக்கு முன்னால் எங்கள் ஆள் ஒருத்தி உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெரியதுரையின் கழுத்து சிவந்தது. அவளைப் பார்த்தார், முப்பது பெண்களைப் பார்த்தார், மேற்கு வானத்தைப் பார்த்தார். முதல் துளி அவர் தொப்பியில் விழுந்தது. கிளாக்கரைக் கூப்பிட்டுச் செக்ரோலைக் கொண்டுவரச் சொன்னார். அந்த இடத்திலேயே எழுதினார்கள். காளியாயி என்றுதான் எழுதினார்கள், கங்காணி என்று எழுதவில்லை. அவள் அந்தத் தோட்டத்தில் இருந்த கடைசி நாள் வரைக்கும் எழுதவில்லை. அதற்குப் பிறகு பிடுங்கியதையும் சேர்த்து நாலு மலையின் மண்ணைப் பிடித்து நிறுத்தியவளுக்கு அந்த ஒரு சொல்லைக் கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை.

"நல்லமுத்து, போய்க் கதவைத் திற" என்றார் துரை.

கண்டாக்கையா சப்பாத்தை மாட்டக் குனிந்தார். "ஓடு!" என்றார் துரை. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு மலைக்குக் குறுக்கே லயத்தைப் பார்த்து ஓடினார். அது உருட்டாத பக்கம். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் முழுசாக, கணுக்கால் வரைக்கும் புதைந்தது. இழுத்து இழுத்து எடுத்து வைத்து ஓடினார்.

காளியாயி கல்லில் இருந்தபடியே அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

"பாஸு, கட்டய எடுத்துட்டு வாங்க" என்றாள் என்னிடம். "அந்தப் பக்கத்துக்கு இன்னும் நாலு சுத்து வேணும்."